சரக்கு விமான டை-காஸ்ட் மாதிரிகள்: தேர்வு, சோதனை, பாதுகாப்பு

உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் டை-காஸ்ட் சரக்கு விமான மாதிரியைக் கையில் எடுத்ததும் முதலில் படிக்க வேண்டியது, வாலுக்கு அருகே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பதிவெண். நிறுவனத்தின் பெயரும் நிறமும் பிறகு. ஒரே நிறுவனம் ஒரே சாயத்தில் இரண்டு வகை விமானங்களை ஓட்டும்: தொழிற்சாலையிலேயே சரக்குக்கென்று கட்டியது ஒன்று, பல வருடம் பயணிகளைச் சுமந்த பிறகு சரக்குக்கு மாற்றியது இன்னொன்று. கதவு இருக்கும் இடம், சன்னல் அடைத்த விதம், முதுகின் நீளம் எல்லாம் இரண்டுக்கும் வேறுபடும். மாதிரி செய்கிறவர்கள் ஒரே வார்ப்பு அச்சைப் பல விமானங்களுக்குப் பயன்படுத்துவதால் அச்சும் பதிவெண்ணும் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. அந்தப் பதிவெண்ணுக்குரிய நிஜ விமானத்தின் இடப்பக்கப் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மேல்தளத்துப் பெரிய சரக்குக் கதவு இடப்பக்கத்தில்தான் இருக்கும். வயிற்றுப் பகுதியின் கதவுகள் வலப்பக்கம்.

அளவு

சேகரிப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது 1:400, 1:200, அதாவது நிஜ விமானத்தின் நானூறில் ஒரு பங்கு, இருநூறில் ஒரு பங்கு. ஹெர்பா நிறுவனத்தின் 1:500 அளவுக்கும் தனி ரசிகர்கள் உண்டு. வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். போயிங் 747-400எஃப் நிஜத்தில் 70.7 மீட்டர் நீளம், 64.4 மீட்டர் இறக்கை விரிவு. 1:400 அளவில் அது 17.7 செ.மீ. நீளமும் 16.1 செ.மீ. அகலமும் ஆகிறது, 1:200 அளவில் 35.3, 32.2. அதைவிட நீளமான 747-8எஃப் 1:400 அளவில் 19.1 செ.மீ. நீளம், 17.1 செ.மீ. அகலம், 1:200 என்றால் 38.1, 34.2. உள்ளளவு 80 செ.மீ. அகலமும் 36 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு தட்டில் 1:400 அளவு 747-8எஃப் எட்டு நிற்கும். 1:200 என்றால் இரண்டோடு முடிந்தது.

கொண்டோவில் குடியிருப்பவர்கள் 1:400 அளவில் தொடங்குவதே நல்லது. மனதுக்கு நெருக்கமான ஒரே ஒரு விமானத்தை மட்டும் 1:200 அளவில் வாங்கித் தனியாக வையுங்கள். இரண்டு அளவுகளையும் ஒரே தட்டில் கலந்தால் கண் ஏமாந்துவிடும்: 1:200 அளவு 737-800 ஏறக்குறைய 19.7 செ.மீ. நீளம், அதாவது பக்கத்தில் நிற்கும் 1:400 அளவு 747 ஜம்போவைவிடப் பெரியதாகத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. 1:200 என்று பெட்டியில் போட்டிருந்தாலே டை-காஸ்ட் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்கைமார்க்ஸ் போன்ற மாதிரிகள் பிளாஸ்டிக். துண்டு துண்டாக வரும், அழுத்திப் பொருத்த வேண்டும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் உலோக மாதிரியைத் தேடிப் போனவருக்கு அது வேறு பொருள். தூக்கிப் பார்த்தால் எடையிலேயே தெரிந்துவிடும்.

எந்த விமானத்தில் எதைப் பார்ப்பது

முதலில் 747. தொழிற்சாலையில் சரக்குக்கென்று கட்டிய 747-400எஃப் விமானத்துக்கு முதுகு குட்டை. காக்பிட்டுக்குப் பின்னால் உயர்ந்திருக்கும் அந்த மேடு இறக்கைக்கு வெகு முன்பே இறங்கிவிடும். மூக்கு மேல்நோக்கித் திறக்கும். இறக்கைக்குப் பின்னால் இடப்பக்கத்தில் ஒரு பெரிய கதவு. சன்னல் வரிசை கிடையாது. பயணிகள் விமானத்திலிருந்து மாற்றிய 747-400பிசிஎஃப் விமானத்துக்கு நீண்ட முதுகு அப்படியே இருக்கும், பக்கக் கதவு உண்டு, மூக்குக் கதவு இல்லை. ஆகவே நீண்ட முதுகுள்ள மாதிரியில் மூக்கைச் சுற்றிக் கதவின் கோடு அச்சாகியிருந்தால் அது தவறு. குட்டை முதுகில் அந்தக் கோடு இல்லாவிட்டாலும் தவறுதான். நம் மலேசியாவின் சரக்கு விமான நிறுவனமான மாஸ்கார்கோ ஓட்டிய 9எம்-எம்பிஆர், 9எம்-எம்பிஎஸ் இரண்டும் 747-4எச்6எஃப் வகை. எச்6 என்பது மலேசிய ஏர்லைன்சுக்கு போயிங் கொடுத்த வாடிக்கையாளர் குறி. கடைசியில் வரும் எஃப், அவை பிறவியிலேயே சரக்கு விமானங்கள் என்று சொல்கிறது. அந்த எண்களோடு நீண்ட முதுகு மாதிரி வந்தால் வாங்காதீர்கள்.

747-400 வகையில் எஞ்சினும் முக்கியம். ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்பி211 எஞ்சினின் வெளிக்கூடு பின்பக்கம் வரை ஒரே குழாயாக ஓடும். பிராட் அண்ட் விட்னி, ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின்களில் கூடு பாதியில் முடிந்து உள்குழல் கூம்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாஸ்கார்கோவின் இரண்டும் பிராட் அண்ட் விட்னி. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரியும் வேறுபாடு இது.

747-8எஃப் என்றால் இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் விங்லெட் இருக்கக் கூடாது. நுனி பின்னோக்கிச் சரிந்து மெலிந்து போக வேண்டும். எஞ்சின் கூட்டின் பின்விளிம்பு ரம்பப் பல் போல வெட்டுப்பட்டிருக்க வேண்டும். 1:400 அளவில் அந்தப் பற்களைச் சரியாக வார்ப்பது கடினம். அதனால்தான் ஒரு அச்சின் தரத்தை அறிய முதலில் அங்கே பார்க்க வேண்டும். இந்த வரிசையின் கடைசி விமானம் 2023 ஜனவரி 31 அன்று அட்லஸ் ஏருக்குக் கொடுக்கப்பட்டது. 747 வரலாற்றிலேயே கடைசியாகக் கட்டப்பட்டதும் அதுதான். அந்த ஒன்றின் மாதிரியைத் தேடுபவர்கள் பதிவெண்ணைக் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும். அட்லஸின் மற்ற 747-8எஃப் விமானங்களும் அதே அச்சில்தான் வரும்.

777எஃப் கட்டப்பட்டது 777-200எல்ஆர் உடலை வைத்து. ஆகவே இறக்கை நுனி சரிந்திருக்க வேண்டும். பழைய 777-200இஆர் அச்சின் நேர்வெட்டு நுனி இருந்தால் அச்சை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரிய கதவு இறக்கைக்குப் பின்னால், இடப்பக்கம்.

ஏர்பஸ் ஏ330-200எஃப் விமானத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மாஸ்கார்கோவின் இன்றைய விமானம் அது, மாதிரிகளில் தவறு ஒளிந்திருப்பதும் அதில்தான். சாதாரண ஏ330 தரையில் நிற்கும்போது மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பயணிகளுக்கு அது தெரியாது. ஆனால் சரக்கு அடுக்கிய, டன் கணக்கில் எடையுள்ள பலகைகளை உருட்டித் தள்ளும் தளத்துக்குச் சரிவு ஆகாது. தரையைச் சமமாக்க, முன்சக்கரக் கால் பொருத்தும் இடத்தையே ஏர்பஸ் கீழே இறக்கியது. கீழே இறங்கிய காலை மடித்து வைக்க உடலுக்குள் இடம் போதவில்லை. அதனால் மூக்குக்கு அடியில் ஒரு புடைப்பு வந்தது. மாதிரியைக் கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்: காக்பிட்டுக்குக் கீழே அடிவயிறு லேசாக உப்பியிருக்க வேண்டும், விமானம் மட்டமாக நிற்க வேண்டும். புடைப்பு இல்லாமல் மூக்கு தாழ்ந்திருந்தால், பயணிகள் அச்சில் சன்னலை அழித்துச் சாயம் அடித்தது அது. பயணிகள் விமானத்திலிருந்து மாற்றிய ஏ330பி2எஃப் வகைக்கு இந்தப் புடைப்பு நிஜத்திலேயே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தொழிற்சாலை ஏ330-200எஃப் மொத்தம் 38 மட்டுமே கட்டப்பட்டது. இதன் பெரிய கதவு முன்பக்கம், இறக்கைக்கு முன்னால்.

எம்டி-11எஃப் வாங்கினால் வால் எஞ்சினின் வாய் முழு வட்டமாக இருக்கிறதா, விங்லெட் மேலும் கீழும் இரண்டு துண்டாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சிறிய விமானங்களைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்; அது சரியல்ல. சுபாங் விமான நிலையத்திலிருந்து பறக்கும் ராயா ஏர்வேஸ், முன்பு ஏர் ஏசியா குழுமம் என்றிருந்த கேப்பிட்டல் ஏ நிறுவனத்தின் டெலிபோர்ட் ஆகியவற்றின் விமானங்கள்தான் நம் தலைக்கு மேல் தினமும் போகின்றன. ஏ321பி2எஃப் மேல்தளத்தில் 14 சரக்கு இடங்கள், கீழ்த்தளத்தில் 10; கதவு முன்பக்கம் இடது. மாற்றிய விமானங்களில் அடைத்த சன்னலின் தடம் உடலில் மங்கலாகத் தெரியும். நல்ல மாதிரியில் அந்தத் தடத்தை மெல்லிய சாம்பல் கோடாக அச்சிட்டிருப்பார்கள். ராயாவின் பழைய பெயர் டிரான்ஸ்மைல். அந்தப் பெயரோடு பழைய மாதிரி எங்காவது கண்ணில் பட்டால், நிலைமை நன்றாக இருக்கும்பட்சத்தில் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்குதல், வரி

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குகிறவர்கள் 500 ரிங்கிட் என்ற கோட்டை மறக்கக் கூடாது. 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டும் அதற்குக் குறைவுமான பொருளுக்கு, பதிவு செய்த விற்பனையாளர்கள் 10 சதவீத விற்பனை வரியைப் பணம் கட்டும்போதே சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு மேல் போனால் கணக்கு சுங்கத்தில் நடக்கும். அங்கே பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்துப் பார்ப்பார்கள். 1:400 மாதிரி ஒன்று பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேயே நிற்கும். 1:200 ஜம்போ தாண்டிவிடும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரைக் கேட்காதீர்கள்: பெட்டி வழியில் நசுங்கினால் நஷ்டஈடும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும்.

பழைய மாதிரிகளுக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையும், ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட்டின் காலைச் சந்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கத் தகுந்த இடங்கள். பழையதை வாங்கும்போது பெட்டியும் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தட்டும் அந்த மாதிரிக்கே உரியவையா என்று பாருங்கள். வேறு விமானத்தின் தட்டில் திணித்த மாதிரியின் ஆன்டெனாக்கள் முதலில் உடையும், அடுத்து எஞ்சின் தொங்கும் கை வளையும்.

பெட்டியைத் திறக்கும்போது

கூரியர் வந்ததும் பெட்டியின் மூலைகளைப் பார்த்துவிட்டு, திறப்பதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். இடையில் நிறுத்திய வீடியோவை விற்பவர்கள் ஏற்பது அபூர்வம். திறப்பதற்கு முன் காதருகே வைத்து மெல்லச் சாய்த்தால் கலகலவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சத்தம் வந்தால் ஒரு சக்கரமோ எஞ்சினோ கழன்றிருக்கிறது. அந்தச் சின்னத் துண்டு பொதிந்த தாளோடு குப்பைக்குப் போய்விடாமல் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் திறங்கள்.

மாதிரியை இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இரு விரலால் பிடித்துத் தூக்க வேண்டும். இறக்கை நுனி, எஞ்சின், வால் எதையும் பிடிக்காதீர்கள். பருத்திக் கையுறை வழுக்கும், நூல் ஆன்டெனாவில் சிக்கும். நைட்ரைல் கையுறை சிறந்தது. அது இல்லையென்றால் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கை போதும்.

பிறகு ஒரு கண்ணாடித் தட்டில் நிறுத்தி, கண்ணை மூக்கின் மட்டத்துக்கு இறக்கி நேர் எதிரே பாருங்கள். இரண்டு இறக்கைகளும் ஒரே அளவு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். எஞ்சின்கள் சோடி சோடியாக ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். வால் செங்குத்தாக நிற்க வேண்டும். சக்கரங்களை எண்ணுங்கள்: 747 வகைக்கு 18, 777எஃப் வகைக்கு 14, எம்டி-11 வகைக்கு 12, ஏ330, 767 இரண்டுக்கும் 10, 737 வகைக்கு 6. எல்லாம் தரையைத் தொடுகின்றனவா என்று அறிய, சாதாரண ஏ4 தாளின் ஒரு மெல்லிய கீற்றைச் சக்கரத்துக்கு அடியில் விட்டுப் பாருங்கள். அந்தத் தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. ஒரு சக்கரத்தடியில் தாள் தாராளமாக நுழைந்து வந்தால் கால் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதே கீற்றை இறக்கையும் உடலும் சேரும் கோட்டிலும் வைத்துப் பாருங்கள். நுனி மட்டும் சிக்கினால் பரவாயில்லை. உள்ளே போய் நின்றுவிட்டால் அந்த இறக்கையின் ஒட்டு பலவீனம். திருப்பி அனுப்பத் தகுந்த குறைதான்.

அச்சிட்ட சாயத்தில் பார்க்க வேண்டியது ஒரு நிறம் இன்னொன்றை மீறிய இடங்கள், சரிந்த எழுத்துகள், கோந்து பளபளக்கும் தடங்கள். கைவிளக்கை நேராக அடித்தால் இவை தெரியாது. பக்கவாட்டில் தாழ்த்தி அடித்தால் எல்லாம் எழுந்து நிற்கும்.

திறக்கும் கதவுகள்

ஜெமினி ஜெட்ஸ், ஜேசி விங்ஸ் இரண்டும் மூக்கும் பக்கக் கதவும் திறக்கும் சரக்கு விமானங்களை ‘இன்டர்ஆக்டிவ்’ என்ற பெயரில் வெளியிடுகின்றன. பார்க்க அழகு, ஆனால் மூடி நிறுத்தும்போது சாதாரண மாதிரியின் மூக்கைப் போல இழையாமல் ஒரு கோடு தெரியும். அது குறையல்ல, இயல்பு. கதவு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு மறுபக்கம் பள்ளமாக உட்கார்ந்தால்தான் குறை. முதல் தடவை திறக்கும் முன், அது கீலில் திரும்பும் கதவா, கழற்றி மாட்டும் துண்டா என்று பெட்டியின் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நகத்தால் நெம்பினால் விளிம்புச் சாயம் பெயர்ந்துவிடும். பல் குத்தும் மரக்குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி, சாயத்தில் படாமல் உள்விளிம்பில் வைத்துத் தூக்குங்கள். திறந்த கதவை அப்படியே விட்டுவிடுவது நல்லது. தினமும் திறந்து மூடினால் முதலில் தேய்வது கீல் அல்ல, மூக்கின் சாயம்.

திறந்த மூக்குடன் வைத்தால் முன்பக்கக் கனம் கொஞ்சம் இடம் மாறும். மாதிரி பின்னால் சாயப் பார்த்தால் வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கால் கொடுங்கள். இது கள்ள வேலை அல்ல. நிஜத்திலும் சரக்கு ஏற்றும்போது எம்டி-11எஃப் வால் கீழே இறங்கிவிடாமல் இருக்க அப்படித்தான் முட்டுக் கொடுக்கிறார்கள்.

ஈரக்காற்று

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் பராமரிப்புக் குறிப்புகள் நமக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். கோலாலம்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பினாங்கில் கடலோர வீடு என்றால் உப்பும் சேரும். மாதிரியின் உலோகம் பெரும்பாலும் துத்தநாகம், ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம். சாயம் பட்ட இடத்தில் கவலை இல்லை. ஸ்டாண்ட் செருகும் துளை, சக்கரக் கால் இறங்கும் குழி போன்ற சாயம் படாத இடங்களில் ஈரம் புகுந்து வெள்ளைப் பொடி பூக்கும். இதைக் காய்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு மாதிரியை உலர்ந்த இடத்துக்கு மாற்றினால் நின்றுவிடும்.

பலரும் இதோடு குழப்பிக்கொள்வது ‘ஜிங்க் பெஸ்ட்’ எனப்படும் வேறு நோய். வார்க்கும்போது உலோகத்தில் ஈயமோ தகரமோ கலந்துவிட்டால், உள்ளே இருக்கும் படிகங்களுக்கு இடையே அரிப்பு தொடங்கும். உலோகம் ஊதும், சாயம் கொப்புளிக்கும், இறக்கை காரணமே இல்லாமல் வளையும், முடியளவு விரிசல் பின்னல் போலப் பரவும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது. பக்கத்து மாதிரிக்குத் தொற்றாது, ஆகவே பயந்து எல்லாவற்றையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை. பழைய மாதிரி வாங்குகிறவர்கள் இறக்கையின் அடிப்பக்கத்தையும் வால் சேரும் மூலையையும் கைவிளக்கில் பார்த்துவிட்டுத்தான் பணம் எடுக்க வேண்டும்.

நல்ல தீர்வு, கேமரா வைக்கும் மின்சார உலர் அலமாரி. 45 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். 30க்குக் கீழே இறக்க வேண்டாம். ரப்பர் சக்கரத்துக்கு அவ்வளவு வறட்சி ஆகாது. அலமாரி வாங்க இடமோ பணமோ இல்லாதவர்களுக்கு ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி போதும். 50 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரமானி. ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீல நிறத்தில் இருப்பது கோபால்ட் குளோரைடு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேண்டவே வேண்டாம். நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடியும் வேலை செய்யும். சாப்பாடு செய்யும் அடுப்பில் வைக்காமல் அதற்கென்று ஒரு சின்ன ஓவன் இருந்தால் நல்லது.

துணி அலமாரியில் வைக்கும், தண்ணீர் சேரும் டப்பாக்களை மாதிரி இருக்கும் அலமாரிக்குள் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு; சேர்வது உப்புக் கரைசல். ஒரு தடவை கவிழ்ந்தால் சக்கரக் கால்கள் முழுக்க அரித்துவிடும்.

ஏர்கோன் அறையில் வைத்தால் போதும் என்பவர்களுக்கு: இரவு முழுக்க 20 டிகிரியில் குளிர்ந்த உலோகம், காலையில் சன்னலைத் திறந்ததும் 30 டிகிரி ஈரக்காற்றைச் சந்திக்கும். நம் ஊர்க் காற்றின் பனிநிலை 24 டிகிரியை ஒட்டி இருப்பதால், அதைவிடக் குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் திவலை கட்டும். உலோகம் கனம், சீக்கிரம் சூடேறாது, வெகுநேரம் வியர்த்துக்கொண்டிருக்கும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரி இதைப் பெருமளவு தடுக்கும். கதவில்லாத திறந்த தட்டைப் படுக்கையறையில் போடாதீர்கள்.

பெட்டியோடு வரும் நுரைப் பஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலியூரித்தேன் நுரை ஈரத்தில் வருடங்கள் போகப் போகப் பிசுபிசுத்துப் பொடியாகும், பிறகு சாயத்தில் ஒட்டும். நுரை மஞ்சளித்திருந்தால் மாதிரியை அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றிவிட்டுப் பிறகே உள்ளே வையுங்கள். ரப்பர் சக்கரங்கள் வெள்ளைச் சாயம் பூசிய பலகையில் கறுப்புத் தடம் விடும். கண்ணாடித் தட்டில் விடாது.

பூஜை அறையும் அலமாரியும் ஒரே கூடத்தில் இருந்தால் சாம்பிராணி, ஊதுபத்திப் புகை மெல்லிய பழுப்புப் படலமாக வெள்ளை உடலில் படியும். தாளிப்பு எண்ணெய்ப் புகையும் அப்படித்தான், அதன்மேல் தூசு ஒட்டிக்கொண்டால் தூரிகைக்கு வராது. மேற்குப் பார்த்த சன்னலின் வெயில் வெள்ளையை மஞ்சளாக்கும். விளக்கு போடுவதென்றால் எல்இடி.

சின்ன ரிப்பேர்கள்

கழன்ற சக்கரக் காலுக்கு ஐந்து நிமிட எப்பாக்சி. இரண்டு பகுதியையும் சமமாகக் கலந்து, பல்குச்சி நுனியில் கடுகளவு எடுத்து, குழிக்குள் மட்டும் வையுங்கள். வெளியே வழிந்தது இறுகும் முன் துடைத்துவிட வேண்டும். ஒட்டியதும் மாதிரியைத் தலைகீழாகத் துணி மெத்தையில் கிடத்தி ஒரு இரவு விடுங்கள். காலில் நிறுத்தி உலர்த்தினால் எடையில் கோணிவிடும். ஆன்டெனா போன்ற பொடித் துண்டுக்கு உலர்ந்ததும் நிறமற்றுப் போகும் வெள்ளைக் கோந்து போதும். சூப்பர் க்ளூ வேண்டாம்: அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளை மூட்டமாகப் படியும். நம் ஊர் ஈரத்தில் அது இன்னும் மோசம்.

வளைந்த எஞ்சின் கையை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். ஒருமுறை வளைந்த துத்தநாக வார்ப்பு மறுபடி வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும்.

சரக்கு ஏற்றும் காட்சி

விமானத்தைச் சும்மா வரிசையில் நிறுத்துவதைவிட, மூக்கு இடப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். அப்போதுதான் சரக்குக் கதவு நம் பக்கம் வரும். அடுத்த படி, அடியில் விமான நிலையத் தளத்தை அச்சிட்டு வைப்பது. ஏ3 தாள் 42 × 29.7 செ.மீ.; 1:400 அளவில் அது நிஜத்தில் 168 × 118.8 மீட்டர் தளம். பெரிய விமானங்கள் அடுத்தடுத்து நிற்கும்போது இறக்கைகளுக்கு இடையே 7.5 மீட்டர் விட வேண்டும் என்பது உலக விதி. தாளில் அது 1.9 செ.மீ. இரண்டு 747-8எஃப் அருகருகே 36.1 செ.மீ. எடுக்கும், ஆக ஒரு ஏ3 தாளில் இரண்டு தாராளமாக நிற்கும். மங்கிய சாம்பல் நிறத்தில், பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். நிற்கும் கோடு மஞ்சள். முன்சக்கரம் அதன்மேல் நேராக உட்கார வேண்டும்.

சரக்குப் பலகைகளை நீங்களே செய்துகொள்ளலாம். நிஜப் பலகை 318 × 244 செ.மீ. 1:200 அளவில் 15.9 × 12.2 மி.மீ., 1:400 அளவில் 8 × 6.1 மி.மீ. பால்சா மரத்தையோ ஸ்டைரீன் பட்டையையோ அந்த அளவுக்கு வெட்டுங்கள். உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 747 விமானத்தின் காக்பிட் மூக்குக் கதவுக்கு நேர் மேலே இருப்பதால், மூக்கு வழியாக ஏறும் சரக்கு 2.4 மீட்டர் உயரத்தைத் தாண்ட முடியாது. 3 மீட்டர் உயரச் சரக்கு பக்கக் கதவு வழியாகத்தான் போகும். ஆகவே 1:200 காட்சியில் மூக்கின் முன் நிற்கும் பலகைகள் 12 மி.மீ. உயரத்துக்குள், பக்கக் கதவருகே நிற்பவை 15 மி.மீ. வரை. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டினால் விவரம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். சரக்கின் மேல் போர்த்தும் பிளாஸ்டிக்குக்கு, சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்றுச் சுற்றினால் பொருந்தும். வலைக்கு, பழைய பெண்கள் காலுறையின் துண்டு. மேல்தளத்தில் 747-400எஃப் 30 பலகை ஏற்றும், 747-8எஃப் 34, 777எஃப் 27. அத்தனையும் செய்ய வேண்டியதில்லை. கதவருகே ஆறு, ஏற்றும் மேடையில் ஒன்று, பின்னால் வண்டித் தொடரில் நான்கு இருந்தால் காட்சி நிறைந்துவிடும்.

பினாங்கைக் காட்ட விரும்பினால் பலகைகளின் மேல் பெரிய மரப்பெட்டிகளைவிடச் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகளை அதிகம் அடுக்குங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து விமானம் ஏறுவது பெரும்பாலும் மின்னணுப் பொருள்.

துடைப்பது

மாதம் ஒருமுறை காற்றூதியால் ஊதி, ஒப்பனைக்குப் பயன்படும் மென்மையான புதிய தூரிகையால் மூக்கிலிருந்து வால் நோக்கி ஒரே திசையில் தட்டிவிடுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் ஆன்டெனா போய்விடும். புகைப்படலம் படிந்திருந்தால் ஒரு கிண்ணம் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, சிறு சிறு இடமாகத் துடைக்க வேண்டும். உடனே காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் திரவம் இரண்டும் அச்சிட்ட எழுத்தைக் கரைத்துவிடும். எஞ்சின் வாயின் வெள்ளிப் பூச்சு ஈரத் துணிக்கே தேயும் என்பதால் அங்கே தூரிகை மட்டும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் மாதம் ஒருமுறை போதாது. வாரம் ஒருமுறை ஊதுங்கள், அந்த நாட்களில் அலமாரிக் கதவைத் திறந்து போடாதீர்கள்.